பூசணிக்கு முகம் வரைவது ஹாலோவீனுக்கு மட்டும்தானா? தோட்டத்துப் பூசணி சொல்லும் கதை

அக்டோபர் வந்துட்டா சிரம்பான் பேரங்காடிகளில் ஒரு நிறம் ஏறிவிடும். செம்மஞ்சள். நுழைவாயிலில் வைக்கோல் கட்டு, அதன் மேல் பூசணி, பூசணியில் வெட்டிய கண்ணும் பல்லும். கைப்பேசியைத் திறந்தாலும் அதேதான். எங்கோ குளிர் நாட்டில் ஒருத்தர், இலை உதிர்ந்து கிடக்கும் வாசப்படியில் பத்துப் பதினைந்து பூசணியை அடுக்கிப் படம் போட்டிருப்பார். அழகாகத்தான் இருக்கிறது. நாமும் ஒன்று வாங்கி வைக்கலாமா என்று உங்களுக்குத் தோன்றினால் தப்பே இல்லை.

கிட்டத்தட்ட அதே நாட்களில்தான் ஆயுதபூஜையும் வருகிறது. ராசாவிலோ மம்பாவிலோ ஒரு வாகனப் பட்டறை வாசலைப் பாருங்கள். வெள்ளைப் பூசணி ஒன்று தரையில் உட்கார்ந்திருக்கும். உச்சியில் கற்பூரம், உள்ளே குங்குமம், சில்லறைக் காசு. லாரியைச் சுற்றிக் காட்டிவிட்டு ஓங்கி உடைப்பார்கள்.

முதலாவது 'ஸ்டைல்', இரண்டாவது 'பழைய காலத்து நம்பிக்கை' என்று நம்மில் பலர் மனசுக்குள் பிரித்து வைத்திருக்கிறோம். உண்மையில் இந்த இரண்டு பூசணிக்கும் ஒரே வேலைதான் கொடுக்கப்பட்டிருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

ஒரே பேர், ரெண்டு காய்

முதலில் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'பூசணி' என்று நாம் சொல்வது இரண்டு வெவ்வேறு செடிகளை. இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் சொந்தம் கொஞ்சம் தூரம்.

மஞ்சள் பூசணி ஒன்று. மலாயில் லாபு. வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் காய்ந்த மிளகாய், கடுகு தாளித்து, இனிப்பும் காரமுமாக இலையில் விழுமே, அதுதான். புரட்டாசி மாதம் முழுக்கச் சைவம் இருக்கும் வீடுகளில் வாரம் ஒரு முறையாவது இது வந்துவிடும்.

மற்றது வெள்ளைப் பூசணி, மலாயில் குண்டூர். முற்றினால் தோல் மேல் சாம்பல் தூவியது போல ஒரு மெழுகுப் படலம் வரும். விரலால் தேய்த்தால் ஒட்டும். அதனால்தான் யாழ்ப்பாணத்தில் இதற்கு நீற்றுப்பூசணி என்று பேர். நீறு என்றால் சாம்பல். கல்யாணச் சமையலில் அண்டா அண்டாவாக வேகும் காய் என்பதால் தமிழ்நாட்டில் கல்யாணப் பூசணி. திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் போனால் தடியங்காய். காசி அல்வா இதில்தான் கிண்டுகிறார்கள். சீனக் கடைகளில் கிடைக்கும் குளிர்பூசணி மிட்டாயும் இதே காய்தான்.

தமிழ்நாட்டின் சில ஊர்களில் 'பூசணி' என்றால் வெள்ளை மட்டும், மஞ்சளுக்கு 'பரங்கி'. யாழ்ப்பாணத்தில் வெறும் 'பூசணி' என்றால் மஞ்சள். உங்கள் பாட்டியும் உங்கள் நண்பரின் பாட்டியும் இந்த விஷயத்தில் ஒத்துப்போகவில்லை என்றால், இரண்டு பேருமே சரி.

பத்து பெரிங்கியும் பரங்கிக்காயும்

எது உள்ளூர், எது வந்தேறி என்று கேட்டால் பதில் தலைகீழாக வரும். மஞ்சள் பூசணியின் தாயகம் அமெரிக்கக் கண்டம். அதன் இனத்தைச் சேர்ந்த ஒரு பூசணியை மெக்சிகோவில் ஏறக்குறைய 10,000 வருடங்களுக்கு முன்பே மனிதர்கள் பயிரிட்டிருக்கிறார்கள். அங்கே குகைகளில் கிடைத்த விதைகள் அதற்குச் சாட்சி. போர்த்துக்கீசியர்களும் ஸ்பானியர்களும் கடல் கடந்து போய்வர ஆரம்பித்த பிறகுதான் அது ஆசியாவுக்கு வந்தது.

பேரே அதைச் சொல்லிவிடுகிறது. பரங்கி என்றால் ஐரோப்பியன், குறிப்பாகப் போர்த்துக்கீசியன். சென்னையில் பரங்கிமலை, கடலூர் பக்கம் பரங்கிப்பேட்டை, எல்லாம் அந்தச் சொல்லில் வந்தவை. பினாங்கு கடற்கரைக்கு விடுமுறைக்குப் போயிருப்பீர்கள், பத்து பெரிங்கி. அந்தப் 'பெரிங்கி'யும் இதே சொல்தான்! ஒரு கடற்கரைக்கும் ஒரு குழம்புக் காய்க்கும் ஒரே ஆள் பேர் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். 1511-ல் போர்த்துக்கீசியர் பிடித்த மலாக்கா, நெகிரி செம்பிலானுக்குப் பக்கத்து மாநிலம்.

வெள்ளைப் பூசணி அப்படியில்லை. அது ஆசிய வெப்பமண்டலத்துச் செடி. ஆக, தோட்டத்து வேலைக்குக் கப்பல் ஏறி வந்த தமிழர்கள் இங்கே இறங்கியபோது, சாமி காரியத்துக்கு வேண்டிய காய் ஏற்கெனவே குண்டூர் என்ற பேரில் காத்திருந்தது. இது முக்கியமான விஷயம், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மலாய்க்காரர்களுக்கும் லாபு மேல் தனிப் பாசம். கோலகங்சார் பக்கத்துச் சாயோங்கில் செய்யும் கறுப்பு மண்கூஜாவுக்கு லாபு சாயோங் என்று பேர், வடிவம் சுரைக்காய் மாதிரி. மூழ்கடிக்கக் கொண்டுபோகும் படகிலிருந்து லாபுவோடு குதித்துத் தப்பிக்கும் சி லுஞ்சாய் கதையைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். பி. ரம்லியின் 1962 படத்தில் இரண்டு நாயகர்களில் ஒருவன் பேரே லாபு. சிரம்பானிலிருந்து கோலாலம்பூருக்கு கேடிஎம் கொம்யூட்டரில் போனால் திரோய்க்கு அடுத்து ஒரு நிலையம் வருமே, அதுவும் லாபுதான்.

முகம் எதுக்கு?

இப்போது ஹாலோவீன் பூசணிக்கு வருவோம். அது அமெரிக்காவில் பிறந்த பழக்கம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆரம்பம் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும். அங்கே பூசணியே கிடையாது. பெரிய டர்னிப் கிழங்கைக் குடைந்து, கோர முகம் வெட்டி, உள்ளே விளக்கு வைப்பார்கள். குளிர்காலம் தொடங்கும் அந்த இரவில் ஆவிகள் நடமாடும், இந்த முகத்தைப் பார்த்தால் வீட்டை அண்டாது என்பது நம்பிக்கை. அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் அப்படி ஒரு டர்னிப் முகம் இருக்கிறது. படத்தைத் தேடிப் பாருங்கள், இன்றைய சிரிக்கும் பூசணியைவிடப் பல மடங்கு பயமாக இருக்கும்.

1840-களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நாட்டை விட்டுப் போனார்கள், பெரும்பாலோர் அமெரிக்காவுக்கு. போன இடத்தில் டர்னிப்பைவிடப் பெரிசாக, குடைவதற்குச் சுலபமாக ஒரு காய் வயலெல்லாம் கிடந்தது. காயை மாற்றிக்கொண்டார்கள், முகத்தை மாற்றவில்லை.

தமிழ்நாட்டில் புது வீடு கட்டும் இடத்தை நினைத்துப் பாருங்கள். நேரில் பார்க்காவிட்டாலும் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். சாரத்தின் முன்னால் ஒரு வெள்ளைப் பூசணி கயிற்றில் தொங்கும். அதில் பிதுங்கிய கண், முறுக்கு மீசை, வெளியே நீட்டிய நாக்கு. திருஷ்டிப் பூசணி. கடந்து போகிறவர்களின் கண் வீட்டின் மேல் விழாமல் முதலில் இந்த முகத்தின் மேல் விழட்டும் என்பதுதான் ஏற்பாடு. நல்ல தமிழில் இதைக் கண்ணேறு என்போம்.

வாசலில் ஒரு காய், காயில் ஒரு கோர முகம், வேண்டாததை வெளியே நிறுத்தும் வேலை. அயர்லாந்துக்காரனும் நம்ம ஊர் கொத்தனாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை. தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். புலம்பெயர்ந்தபோது அவர்கள் காயை மாற்ற வேண்டியிருந்தது, நம்மவர்களுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை.

ஒரு வித்தியாசம் உண்டு. நம் பூசணி கடைசியில் உடைபட வேண்டும். உள்ளே வைக்கும் குங்குமம் ரத்தத்துக்குப் பதில். சமஸ்கிருதத்தில் பூசணிக்குக் கூஷ்மாண்டம் என்று பேர். ஆடு கோழிக்குப் பதிலாகப் பூசணியைப் பலி கொடுக்கும் வழக்கம் நம்மிடம் மட்டும் இல்லை. வங்காளத்தில் துர்கா பூஜையில் இதே வெள்ளைப் பூசணியை வெட்டுவார்கள். இலங்கையில் சிங்களவர்களின் கழிப்புச் சடங்குகளிலும் அது வெட்டுப்படும். உயிர் போகாமல் ஒரு பலி, கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் மென்மையான யோசனைதான்.

தோட்டத்துக்கும் ஒரு இலையுதிர் காலம் இருந்தது

'நமக்கு ஏது இலையுதிர் காலம், வருசம் முழுக்க வெயிலும் மழையும்தானே?' என்பீர்கள். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களைக் கேளுங்கள். ரப்பர் மரம் வருடத்துக்கு ஒரு முறை இலை முழுவதையும் உதிர்க்கும். நெகிரி செம்பிலான் பக்கம் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில். இலை முதலில் மஞ்சளாகி, செம்பு நிறமாகி, நிரையெல்லாம் சருகு மெத்தை போட்டுவிடும். இன்ஸ்டாகிராமில் நீங்கள் பார்த்து ஏங்கும் அந்தக் காட்சி, உங்கள் தாத்தா தினம் காலையில் வாளியோடு நடந்து போன பாதை.

அவருக்கு அது அழகாகத் தெரிந்திருக்குமா என்பது வேறு. இலை உதிர்ந்து புதுத் தளிர் விடும் வாரங்களில் பால் குறையும். எடுத்த பாலுக்குத் தக்க கூலி என்றால், பால் குறைந்தால் கையில் வரும் காசும் குறையும். ரப்பரின் இலையுதிர் காலம், லயத்து வீட்டில் கை கடிக்கும் காலம்.

அந்த இடத்தில்தான் பூசணியின் அருமை புரியும். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் எந்தக் காய் மூன்று மாதம் கெடாமல் இருக்கும்? முற்றிய பரங்கிக்காய் நிழலில் இரண்டு மூன்று மாதம் தாங்கும். வெள்ளைப் பூசணி அந்தச் சாம்பல் மெழுகு காரணமாக அதைவிட நீண்ட நாள் தாங்கும். உறியில் கட்டித் தொங்கவிட்டால் போதும். காய் மட்டுமா? இளம் இலை கீரைக்கு, பூ பஜ்ஜிக்கு, விதை காயவைத்து வறுக்க. ஒரு கொடி வேலி மேல் ஏறினால் வீட்டுக்குப் பாதிக் கவலை குறையும்.

நிலத்துக்கு என்ன வழி? காலனி காலத் தொழிலாளர் சட்டம், குடும்பத்தோடு இருக்கும் தோட்டத் தொழிலாளிக்குப் பயிர் செய்துகொள்ள ஒரு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் தர வேண்டும் என்றது. ஏறக்குறைய 2,700 சதுர அடி. எல்லாத் தோட்ட நிர்வாகமும் ஒழுங்காகக் கொடுத்தது என்று சொல்லிவிட முடியாது. லயத்தின் பின்பக்கம் வரை ரப்பர் நட்ட தோட்டங்களும் உண்டு. ஆனால் கிடைத்த இடத்தில் முருங்கை, வாழை, மரவள்ளி, பூசணி வந்துவிடும். இதை இன்றைய கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தாமானில் சாதாரண வரிசை வீட்டு மனை 20 அடிக்கு 70 அடி, மொத்தமே 1,400 சதுர அடி. அதில் வீடு போக, கார் போக, மிச்சம் எவ்வளவு மண்?

1950-களின் கடைசியில் பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது பல குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வரும் நிலை. அதைத் தடுக்கத்தான் துன் வீ.தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை இலை உதிர்க்காது. அதன் பிறகு வீடமைப்பு. ராசாவைச் சுற்றி இன்று மாடி வீடுகளாகத் தெரியும் நிலத்தில் நிறைய இடம் ஒரு காலத்தில் மரம் நின்ற நிலம். வேலியும் போச்சு, வேலியில் ஏறிய கொடியும் போச்சு, அந்த இலையுதிர் காலமும் போச்சு. வெளியேறிய குடும்பங்களுக்கு என்ன இழப்பீடு என்று பேசும்போது வீட்டைக் கணக்கில் எடுப்பார்கள். கொல்லையில் இருந்த பூசணியை யார் எழுதி வைத்தார்கள்?

மார்கழிக் கோலத்தில் வைக்கும் பூசணிப்பூவும் இப்படித்தான் கைநழுவியது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் சாணி உருண்டையில் செருகி கோலத்தின் நடுவில் வைக்கும் அந்த மஞ்சள் பூவுக்கு மாடும் வேண்டும், கொடியும் வேண்டும். தாமானில் இரண்டும் கஷ்டம். பக்கத்துச் சீன வீடுகளைக் கவனித்திருக்கிறீர்களா? சீனப் பெருநாளுக்குச் சின்னச் சின்னப் பூசணிகளை வாசலில் அடுக்கி வைப்பார்கள். அவர்கள் மொழியில் அதன் பேருக்கு 'தங்கக் காய்' என்று அர்த்தம், அதனால் செல்வம் வரும் என்று ஒரு ஆசை. ஆக, இந்த ஊரில் பூசணியை வைத்து அலங்கரிக்க அக்டோபர் மட்டும்தான் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

அலங்கரிக்கணும்னா இப்படிச் செய்யுங்க

முதலில், குடையாதீர்கள். குளிர் நாட்டில் குடைந்த பூசணி ஒரு வாரம் தாங்கலாம். நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடித்து, ஈ மொய்த்து, வாடை கிளம்பிவிடும். தோல் கிழியாத பூசணி வாரக்கணக்கில் நிற்கும். நம்ம திருஷ்டிப் பூசணிக்காரர்கள் வெட்டாமல் வரைந்ததில் விஷயம் இருக்கிறது.

பெயிண்ட் அடித்தால் சாப்பிட முடியாது. அரிசி மாவைக் கரைத்துக் கோலம் போடுங்கள், மஞ்சளும் குங்குமமும் வைத்துக் கண் வரையுங்கள். வேலை முடிந்ததும் கழுவி, தோலைச் சீவிச் சமைத்துவிடலாம். பிரிட்டனில் ஒவ்வொரு ஹாலோவீனுக்கும் ஆயிரக்கணக்கான டன் பூசணி சமைக்கப்படாமலே குப்பைக்குப் போகிறது. அந்தப் பழக்கத்தை மட்டும் இறக்குமதி பண்ணத் தேவையில்லை. குடைவதற்கென்றே வளர்க்கும் பெரிய செம்மஞ்சள் பூசணிக்குச் சதை நீர்த்திருக்கும், ருசியும் குறைவு. பாசாரில் கிடைக்கும் வரிக்கோடு போட்ட உள்ளூர் லாபு பார்க்கவும் அழகு, புளிக்குழம்புக்கும் அருமை, தேங்காய்ப்பால் ஊற்றி மசாக் லெமாக் வைத்தால் கேட்கவே வேண்டாம்.

இன்னொன்று, ஆயுதபூஜைப் பூசணியை நடு ரோட்டில் உடைக்காதீர்கள். உடைந்த சதை தாரின் மேல் சோப்பு மாதிரி வழுக்கும். இரவில் மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்கு அது தெரியாது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு வருடமும் போக்குவரத்துப் போலீஸ் இதைச் சொல்லித்தான் கெஞ்சுகிறது. பட்டறைக்குள்ளேயே ஓரமாக உடைத்து, அன்றைக்கே கூட்டி அள்ளிவிடலாம். இன்னொருத்தர் காலை உடைத்துவிட்டுக் கழிக்கும் திருஷ்டி என்ன திருஷ்டி?

இப்போ விதை போட்டா எப்போ காய்?

தொட்டியில் வளருமா என்றால் வளரும், தொட்டி பெரிசாக இருக்க வேண்டும். பழைய பெயிண்ட் வாளி பத்தாது. வேலியோ கம்பி வலையோ இருந்தால் கொடியை மேலே ஏற்றிவிடலாம், தரை வேண்டியதில்லை. குழம்புக்கு வாங்கிய முற்றிய பரங்கியின் விதையைக் கழுவி, மூன்று நான்கு நாள் நிழலில் உலர்த்தினால் அதுவே விதை. ஒரு வாரத்துக்குள் முளைக்கும்.

ஐந்தாறு வாரத்தில் பூ வரும். முதலில் வருவதெல்லாம் ஆண் பூ, நீளமான மெல்லிய காம்பில் நிற்கும். அது உதிர்வதைப் பார்த்துப் 'பூவெல்லாம் கொட்டுதே' என்று பயப்பட வேண்டாம். கொஞ்ச நாள் கழித்து, பூவுக்கு அடியில் கோலிக்குண்டு மாதிரி சின்னப் பிஞ்சோடு வருவது பெண் பூ. கோலத்துக்கும் பஜ்ஜிக்கும் பறிக்க வேண்டியது ஆண் பூ. பெண் பூவைப் பறித்தால் ஒரு காய் போச்சு.

தாமானில் தேனீ குறைவு, அதனால் நீங்கள்தான் தேனீ. பூ விடிகாலையில் விரிந்து மதியத்துக்குள் மூடிக்கொள்ளும். காலை ஒன்பது மணிக்குள் ஒரு ஆண் பூவைக் கிள்ளி, இதழைப் பிய்த்துவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். அன்றைக்கு விட்டால் அந்தப் பூவுக்கு மறுநாள் கிடையாது. பிஞ்சு முட்டை அளவு வந்ததும் பழ ஈ குத்தாமல் பழைய பேப்பரைச் சுற்றிவிடுங்கள். காய் முற்ற இன்னும் ஆறேழு வாரம். காம்பு காய்ந்து, நகத்தை அழுத்தினால் தோலில் இறங்காமல் இருந்தால் பறிக்கலாம். பறிக்கும்போது நான்கு விரல் காம்பு விட்டு வெட்டுங்கள், அப்போதுதான் நாள்பட இருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அக்டோபர் முதல் வாரம் விதை ஊன்றினால் நவம்பர் நடுவில் பெண் பூ, டிசம்பர் நடுவில் மார்கழி பிறக்கும்போது கொடியில் இன்னும் பூ இருக்கும், ஜனவரி நடுவில் பொங்கலுக்குக் காய் கையில். அந்த மாதங்களில் மழை அதிகம் என்பதால் மண்ணை மேடாகக் குவித்து நடுங்கள். காய்க்கு அடியில் ஒரு பழைய ஓடோ பலகையோ வைத்துவிடுங்கள், ஈரத்தரையில் உட்கார்ந்தால் அடிப்பக்கம் அழுகிவிடும்.